மக்களாட்சிக் கோட்பாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களோடு பல வருடங்களாக அரசியல் பாடம் பேசி வருகிறேன். வகுப்பில் வரும் கேள்விகளை விட வகுப்பு முடிந்து டீக்கடையில் வரும் கேள்விகள்தான் சுவாரசியமானவை. திரும்பத் திரும்ப வருகிற சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், சிலவற்றை இரண்டு வரியில் முடித்துவிட்டேன். எனக்கென்று ஒரு சாய்வும் உண்டு. அதை மறைக்கவில்லை.

மக்களாட்சி என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

"மக்களால், மக்களுக்காக, மக்களுடைய அரசு" என்று 1863ல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் பேசியதை எல்லாரும் எழுதுவார்கள். மதிப்பெண் கிடைக்கும். ஆனால் மக்கள் என்பது யார், அவர்களுக்குள் கருத்து பிரிந்தால் யார் சொல்வது செல்லும் என்ற இரண்டு கேள்விகளையும் அந்த வரி தொடவே இல்லை. வட கொரியாவின் அதிகாரப்பூர்வப் பெயரிலும் 'ஜனநாயக', 'மக்கள்' என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன.

ஒரு வரிதான் வேண்டும் என்றால் ஆடம் ப்ஷெவோர்ஸ்கி என்ற போலந்துக்காரர் 1991ல் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம்: ஆளும் கட்சி தேர்தலில் தோற்கக்கூடிய ஏற்பாடுதான் மக்களாட்சி. சாதாரணமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் ஒரு நாட்டைப் பற்றி யாராவது பேசும்போது, "அங்கே தோற்றவருக்கு என்ன ஆகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் போகிறாரா, சிறைக்கா, அடுத்த தேர்தலுக்கா? கீழே வரும் கோட்பாடுகளையெல்லாம் நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன்.

ஜனநாயகமும் குடியரசும் ஒன்றுதானே?

இல்லை. பிரிட்டன் ஜனநாயகம், ஆனால் அரசர் இருக்கிறார். சீனா குடியரசு, அரசர் இல்லை, ஆனால் ஆட்சியை மாற்றும் தேர்தலும் இல்லை. நாட்டின் தலைவர் பரம்பரையாக வராவிட்டால் குடியரசு, அவ்வளவுதான். அமெரிக்காவில் மட்டும் இந்தச் சொல்லுக்குப் பழைய வேறு பொருள் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1787ல் அமெரிக்க அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான மேடிசன் எழுதியபோது, மக்கள் நேராகக் கூடி முடிவெடுப்பதை ஜனநாயகம் என்றும், பிரதிநிதிகள் வழியாக ஆள்வதைக் குடியரசு என்றும் பிரித்தார். அவருக்குப் பிடித்தது இரண்டாவது.

ஏதென்ஸ் முதலா, நம் குடவோலை முதலா?

வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சண்டை வந்துவிடும். காலத்தை மட்டும் பார்த்தால் ஏதென்ஸ்தான். அங்கே மக்களாட்சிக்கு அடித்தளம் போட்ட கிளைஸ்தனிஸின் சீர்திருத்தம் கி.மு. 508-507. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921. ஆனால் வயதுப் போட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் இன்னொரு விஷயம் கண்ணில் படும். இரண்டு இடத்திலும் முக்கியப் பொறுப்புகளுக்கு ஆள் எடுத்தது குலுக்கலில்.

ஏதென்ஸில் 500 பேர் கொண்ட மன்றத்துக்கும் பெரும்பாலான பதவிகளுக்கும் சீட்டுக் குலுக்கல்தான். படைத் தளபதி மாதிரி திறமை கட்டாயம் வேண்டிய சில பதவிகளுக்கு மட்டும் தேர்தல். குலுக்கல் ஜனநாயகத்துக்கு உரியது, தேர்தல் ஒரு சிலர் ஆட்சிக்கு உரியது என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். தேர்தல் வைத்தால் பணமும் பேரும் பேச்சும் உள்ளவர்தானே ஜெயிப்பார் என்பது அவர்கள் கணக்கு. நாம் தேர்தலையே ஜனநாயகத்தின் அடையாளமாக நினைக்கிறோம். அவர்கள் நேர் எதிராக நினைத்தார்கள்.

உத்திரமேரூரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்ற விதியைப் படிக்கும்போது இன்றைக்கும் ஒரு பெருமூச்சு வரும். சரி, தகுதி என்ன? வரி கட்டும் கால் வேலிக்கு மேல் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி. அது ஒரு சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஏதென்ஸிலும் பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் யாரும் சேர்த்தி இல்லை. இரண்டையுமே பெருமையோடு சொல்லலாம், ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் ஓட்டு என்பது எப்போது வந்தது?

நினைப்பதை விடப் பிந்தி வந்தது. நாடு தழுவிய தேர்தலில் பெண்களுக்கு முதலில் ஓட்டுரிமை தந்தது நியூசிலாந்து, 1893. பிரிட்டனில் ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கு ஓட்டு கிடைத்தது 1928ல், பிரான்ஸில் 1944ல். நேரடி ஜனநாயகத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் சுவிட்சர்லாந்தில் 1971ல்! அங்கே 1959ல் இதையே வாக்கெடுப்புக்கு விட்டபோது, ஓட்டு உள்ளவர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்பதால், மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கதவுக்கு உள்ளே இருப்பவர்களிடமே கதவைத் திறக்கலாமா என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆசியாவில் இலங்கை முந்திக்கொண்டது. டொனமூர் அரசியலமைப்பின்படி 1931லேயே அங்கே 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை. அந்தக் கதை எங்கே போய் முடிந்தது என்பதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

தேர்தல் நடந்தால் போதும், அது ஜனநாயகம் என்பவர்கள் யார்?

இப்படி வாதாடுகிறவர்களில் முதன்மையானவர் ஜோசப் ஷும்பீட்டர். ஆஸ்திரியாவில் நிதியமைச்சராக இருந்து, பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் பேராசிரியரானவர். 1942ல் அவர் சொன்னதன் சாரம்: மக்கள் ஆள்வதில்லை, ஆளவும் முடியாது. மக்களின் பொது விருப்பம் என்று ரூசோ சொன்னதெல்லாம் கற்பனை. தலைவர்கள் ஓட்டுக்காகப் போட்டி போடுகிறார்கள், ஜெயித்தவர் ஆள்கிறார். மக்களின் வேலை ஆளைப் பொறுக்குவதோடு முடிந்தது. கடைக்காரர்கள் போட்டி போட, வாடிக்கையாளர் ஒரு கடைக்குள் நுழைகிறார் இல்லையா, அது மாதிரி.

கேட்டால் கசக்கும். ஆனால் ஐரோப்பாவில் கூட்டம் கூட்டமாக மக்கள் சர்வாதிகாரிகளுக்குக் கைதட்டியதைப் பார்த்த தலைமுறை அது. கார்ல் பாப்பரும் 1945ல் வேறு வழியாக ஏறக்குறைய இங்கேதான் வந்து சேர்ந்தார். யார் ஆள வேண்டும் என்று கேட்பதை விடுங்கள், மோசமான ஆட்சியாளரை ரத்தம் சிந்தாமல் இறக்குவது எப்படி என்று கேளுங்கள் என்றார்.

இந்தக் கோட்பாட்டில் எனக்குள்ள குறை ஒன்றுதான். ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் மக்களை வீட்டிலேயே இருக்கச் சொல்கிறது.

ராபர்ட் டால் சொன்ன 'பலராட்சி' என்ன?

அமெரிக்க ஆய்வாளர் டால், உண்மையான ஜனநாயகம் என்பது ஒரு லட்சியம், எந்த நாடும் அதைத் தொட்டதில்லை என்றார். நடைமுறையில் இருப்பதற்குத் தனிப் பெயர் வைத்தார். தமிழில் பலராட்சி என்று சொல்லலாம். அதை இரண்டு அளவுகோலால் அளந்தார்: எதிர்த்துப் போட்டியிட எவ்வளவு இடமிருக்கிறது, எத்தனை பேருக்குப் பங்கிருக்கிறது. இரண்டும் வேறு வேறு. 1800களின் பிரிட்டனில் போட்டி கடுமையாக இருந்தது, ஓட்டு சிலருக்குத்தான். சோவியத் ரஷ்யாவில் எல்லாருக்கும் ஓட்டு இருந்தது, போட்டியே இல்லை. தேர்தல் மட்டும் போதாது, பேச்சுச் சுதந்திரம், அரசு சாராத செய்தி, சங்கம் சேரும் உரிமை எல்லாம் வேண்டும் என்று ஷும்பீட்டரை விட ஒரு படி மேலே போனார்.

பெரும்பான்மை சொல்வதுதானே ஜனநாயகம்? இதில் என்ன தப்பு?

மறுபடி இலங்கைக்குப் போவோம். 1947 தேர்தலில், இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய தமிழர்களான மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டார்கள், தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் சுதந்திரம் வந்த கையோடு குடியுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து 1949ல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 தேர்தலில் அந்த மக்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. ஆசியாவிலேயே முதலில் எல்லாருக்கும் ஓட்டுக் கொடுத்த நாடு, 21 வருடத்தில் ஒரு மக்கள் கூட்டத்திடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ராணுவப் புரட்சி எதுவும் நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் முறைப்படி வாக்கெடுத்துச் செய்த காரியம்.

சிறுபான்மையினருக்குப் பாகுபாடு காட்டும் சட்டம் கூடாது என்று அப்போதைய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு ஒன்று இருக்கத்தான் செய்தது. வழக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போனது. குடியுரிமைச் சட்டம் அந்தப் பிரிவை மீறவில்லை என்று 1953ல் தீர்ப்பு வந்தது. 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் 56க்கு 29 என்ற கணக்கில் நிறைவேறியது. தமிழர் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தர, அடுத்த வருடம் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1958ல் கைவிடப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் கை தூக்கி எண்ணினால் பெரும்பான்மை இருந்தது.

பெரும்பான்மையின் கொடுங்கோன்மை என்று பிரெஞ்சுக்காரரான டோக்வில் அமெரிக்காவைப் பார்த்து எழுதியதும், 1859ல் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் அதைப் பிடித்துக்கொண்டு தனிமனித உரிமைக்கு வாதாடியதும் இந்த ஆபத்தைத்தான். தாராளவாத ஜனநாயகம் என்ற சொல்லில் 'தாராளவாத' என்ற பாதி இதற்காக வந்தது: எத்தனை கை தூக்கினாலும் சிலவற்றைத் தொடக்கூடாது. இந்தியாவில் 1973ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7க்கு 6 என்று, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்றார்கள். பெரும்பான்மைக்குக் கடிவாளம் போட்ட அந்தத் தீர்ப்பே ஒரு ஓட்டுப் பெரும்பான்மையில் வந்தது என்பதைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பு வரும்.

தோற்றவர் அடுத்த முறை ஜெயிக்கலாம் என்றால்தான் தோல்வியைத் தாங்குவார். இனம், மொழி, மதம் என்று ஓட்டு பிரிந்துவிட்டால் எண்ணிக்கையில் குறைந்தவர் அடுத்த முறையும் தோற்பார், அதற்கடுத்த முறையும்.

அப்படிப்பட்ட நாட்டுக்கு என்ன வழி?

நெதர்லாந்தில் பிறந்த ஆரென்ட் லைப்ஹார்ட் ஒரு வழி சொன்னார். தமிழில் அதிகாரப் பகிர்வு ஜனநாயகம் எனலாம். எல்லாச் சமூகத்தையும் சேர்த்துக் கூட்டு அமைச்சரவை, அவரவர் பள்ளி, மொழி, பண்பாட்டில் தன்னாட்சி, பதவியும் பணமும் மக்கள்தொகைப்படி, உயிரான விஷயங்களில் சிறுபான்மைக்குத் தடுப்பு உரிமை. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், சோஷலிஸ்ட் என்று பிரிந்து கிடந்த தன் சொந்த நாடு எப்படி உடையாமல் இருந்தது என்று பார்த்துத்தான் இதைச் சொன்னார்.

இதற்கும் விலை உண்டு. லெபனானில் ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா என்ற 1943 ஏற்பாடு, 1932ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை வைத்து நடந்தது. அதற்குப் பிறகு அதிகாரப்பூர்வமாகத் தலையெண்ணவே இல்லை, எண்ணினால் பங்கை மாற்ற வேண்டியிருக்குமே! 1975ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 15 வருடம் நடந்தது. பெல்ஜியத்தில் ரத்தம் சிந்தவில்லை, ஆனால் 2010-11ல் 541 நாள் முழு அதிகாரமுள்ள அரசு அமையாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

குறைந்த ஓட்டு வாங்கியவர் எப்படி இத்தனை இடம் பிடிக்கிறார்?

தொகுதியில் முதலில் வந்தவருக்கு எல்லாம், இரண்டாவது வந்தவருக்கு ஒன்றுமில்லை என்பதால். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. வாங்கியது 44 சதவீதத்துக்குச் சற்று மேல், கிடைத்தது 39ல் 37. தி.மு.க. 23 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை. 2024ல் பிரிட்டனில் லேபர் கட்சிக்கு 33.7 சதவீத ஓட்டு, 650ல் 411 இடம். அதே தேர்தலில் 14 சதவீதம் வாங்கிய ரிஃபார்ம் கட்சிக்கு 5 இடம், 12 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72. ஓட்டு ஒரே இடத்தில் குவிந்திருந்தால் லாபம், பரவிக் கிடந்தால் நஷ்டம். நம்மூரில் கூட்டணிப் பேச்சுவார்த்தை ஏன் இவ்வளவு நாள் இழுக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம்: எதிர் ஓட்டு சிதறினால் முதலில் வருபவர் அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

மாற்று, விகிதாச்சார முறை. வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற இடம். நியாயமாகத்தான் தெரியும். இஸ்ரேல் அப்படித்தான் நடத்துகிறது, 2019 ஏப்ரலிலிருந்து 2022 நவம்பருக்குள் ஐந்து பொதுத்தேர்தல் பார்த்தது. ஜெர்மனி இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. சில்லறைக் கட்சிகள் பெருகாமலிருக்க 5 சதவீத வரம்பு, புதிய பிரதமர் யார் என்று சொல்லாமல் பழையவரைக் கவிழ்க்க முடியாது என்ற விதி. இரண்டும் 1933ல் ஹிட்லர் கைக்குப் போய் அழிந்த முந்தைய ஜெர்மன் ஜனநாயகமான வைமார் குடியரசைப் பார்த்துப் படித்த பாடங்கள். எனக்கு ஜெர்மன் ஏற்பாடு பிடிக்கும். இந்தியாவுக்கு ஒத்துவருமா என்று கேட்டால், வாக்காளருக்குத் 'தன் தொகுதி எம்.பி.' என்று ஒரு முகம் வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எம்.எல்.ஏ. நாம் சொல்வதைச் செய்பவரா, தன் புத்திப்படி நடப்பவரா?

1774 நவம்பரில், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் எம்.பி.யாகத் தேர்வான எட்மண்ட் பர்க் தன் வாக்காளர்களிடம் முகத்துக்கு நேரே சொன்னார்: உங்களுக்கு நான் கடன்பட்டிருப்பது என் உழைப்பு மட்டுமல்ல, என் சொந்த அறிவும்கூட, உங்கள் கருத்துக்காக அதை விட்டுக்கொடுத்தால் அது சேவையாகாது, துரோகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆறு வருடம் கழித்து, தோற்பது உறுதி என்று தெரிந்து, அதே பிரிஸ்டலில் போட்டியிலிருந்து விலகினார்.

இந்தியாவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: கொறடா, அதாவது எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடுபவர். ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. 1967ல் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அந்த மாதிரிக் கூத்துகளை நிறுத்த 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். அதனால் நம் உறுப்பினர் தொகுதி சொல்வதையும் செய்ய முடியாது, மனசாட்சி சொல்வதையும் செய்ய முடியாது, கட்சி சொல்வதைச் செய்ய வேண்டும். ஆனாலும் தாவல் நின்றபாடில்லை, தனித்தனியாகத் தாவியவர்கள் கூட்டமாகத் தாவக் கற்றுக்கொண்டார்கள்.

விவரம் தெரியாதவருக்கும் படித்தவருக்கும் ஒரே ஓட்டு நியாயமா?

இதைப் பெரும்பாலும் படித்தவர்கள்தான் கேட்கிறார்கள். பிளேட்டோவிலிருந்து வருகிற கேள்வி. பெண்களுக்கு ஓட்டு வேண்டுமென்று அந்தக் காலத்திலேயே போராடிய மில்கூடப் படித்தவர்களுக்குக் கூடுதல் ஓட்டு தரலாம் என்றார். 1957ல் அமெரிக்கப் பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் வேறு மாதிரி சொன்னார்: வாக்காளர் விவரம் சேகரிக்காமல் இருப்பது முட்டாள்தனம் இல்லை, கணக்குதான். என் ஒரு ஓட்டால் முடிவு மாறப்போவதில்லை என்னும்போது பத்து அறிக்கையைப் படிக்க யார் நேரம் செலவழிப்பார்கள்?

இதற்கு நான் சொல்லும் பதில் 1951-52ல் நடந்த இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். அந்தத் தேர்தலில் 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 சதவீதம். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார். தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்று மட்டும் பதிந்திருந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவு, ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெயரைச் சொல்லும் பழக்கம் வந்தது. படித்த பிறகுதான் ஓட்டு என்று காத்திருந்தால் சுவிட்சர்லாந்துக் கதைதான்: பள்ளிக்கூடம் கட்டு என்று கேட்க வேண்டியவர் கையில் ஓட்டு இருந்திருக்காது.

யார் வந்தாலும் நாலு பேர்தானே ஆள்கிறார்கள்?

ராபர்ட் மிகெல்ஸ் 1911ல் இதைத்தான் சொன்னார். ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியை ஆராய்ந்தார். சமத்துவம் பேசும் கட்சியே மேலே உள்ள சிலர் கைக்குப் போகிறது என்றால் வேறெதுதான் தப்பும், அமைப்பு என்றாலே சிலராட்சிதான் என்று முடித்தார். பிறகு அவரே முசோலினி கட்சியில் போய்ச் சேர்ந்தார். நோயைச் சரியாகப் பார்த்த வைத்தியர் தப்பான மருந்தைக் குடித்த கதை.

தேர்தலுக்கு நடுவில் மக்கள் பங்கேற்க வழி உண்டா?

உண்டு, இதில் இரண்டு சிந்தனைப் போக்குகள் இருக்கின்றன. ஒன்று பங்கேற்பு ஜனநாயகம். கரோல் பேட்மன் 1970ல், பங்கேற்றுப் பங்கேற்றுத்தான் குடிமக்கள் உருவாகிறார்கள், வேலையிடத்திலும் அது வேண்டும் என்றார். பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் 1989 முதல் பட்ஜெட்டின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே கூடி முடிவு செய்தார்கள். உலகமே அதை நகலெடுத்தது. பின்னாளில் ஆட்சி மாறி அந்த ஊரிலேயே அது மெலிந்துபோனது. கேரளத்தில் 1996ல் மக்கள் திட்டம் என்று, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். நம்மிடம் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரித் தேதிகள் தெரியும், தீர்மான நோட்டில் கையெழுத்தும் போடுவார்கள். நிதி வராத சபையில் எத்தனை தடவை பேசுவது என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். பேட்மனிடமும் அதற்குப் பதில் இருக்காது.

இன்னொன்று கலந்தாய்வு ஜனநாயகம். ஜெர்மன் சிந்தனையாளர் ஹாபர்மாஸ் இதன் பெரிய பெயர். ஓட்டை எண்ணுவதற்கு முன் காரணத்தை எடைபோட வேண்டும், சிறந்த வாதம் ஜெயிக்க வேண்டும் என்பது சாரம். ரொம்ப மேலே மிதக்கிறதே என்று நினைத்திருந்தேன், அயர்லாந்தைப் பார்க்கும் வரை. அங்கே 2016ல் வாக்காளர் பட்டியலிலிருந்து 99 சாதாரண ஆட்களைக் குலுக்கல் மாதிரி பொறுக்கி உட்கார வைத்தார்கள். நாட்டையே இரண்டாக்கிய கருக்கலைப்புத் தடையை ஐந்து வார இறுதிகளில், மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் பாதிக்கப்பட்டவர்களையும் கேட்டுப் பேசினார்கள். தடையை நீக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2018 மே 25 பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். ஏதென்ஸின் குலுக்கல் 2,500 வருடம் கழித்து டப்ளினில் வேலை செய்தது.

இதிலெல்லாம் சேராத குரல் பெல்ஜியச் சிந்தனையாளர் ஷந்தால் மூஃப். எல்லாரும் பேசி ஒத்துப்போகலாம் என்பதே ஏமாற்று, அரசியல் என்றால் மோதல் இருக்கும் என்கிறார். மோதலை ஒழிப்பது வேலை இல்லையாம், பகைவரை எதிராளியாக மாற்றுவதுதான் வேலை. கபடியில் பிடிபட்டவர் வெளியே போய் உட்கார்ந்து, மறுபடி உள்ளே வருவார் இல்லையா, அது.

நேராகப் பொதுவாக்கெடுப்பு வைத்துவிட்டால்?

எளிமையான கேள்விக்கு ஆம், இல்லை சொல்லலாம். 2016ல் பிரிட்டனில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறு என்றார்கள். எப்படி வெளியேறுவது என்று வாக்குச்சீட்டில் கேட்கவில்லை, அதற்கு அடுத்த சில வருடம் சண்டை. 2009ல் சுவிட்சர்லாந்தில் 57.5 சதவீதம் பேர் மசூதிக் கோபுரம் கட்டத் தடை போட்டார்கள்.

அம்பேத்கரை எந்தக் கோட்பாட்டில் சேர்ப்பது?

தனியாகத்தான் வைக்க வேண்டும். 1949 நவம்பர் 25ல் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, 1950 ஜனவரி 26ல் நாம் முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழைகிறோம் என்றார். அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்பு. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஒருவருக்கு ஒரே மதிப்பு கிடையாது. இந்த முரணை நீளவிட்டால் அரசியல் ஜனநாயகத்தையே பாதிக்கப்பட்டவர்கள் தகர்ப்பார்கள் என்று எச்சரித்தார். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி என்று சொன்னதும் அதே பேச்சில்தான். கட் அவுட்டுக்குப் பாலூற்றும் ஊரில் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினால் வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும்.

மேலே சொன்ன மேல்நாட்டுக் கோட்பாடுகள் பெரும்பாலும் அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவில் நிற்கின்றன. அம்பேத்கர் குடிமகனுக்கும் குடிமகனுக்கும் நடுவில் பார்த்தார். ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர் ஓட்டுப் பெட்டி முன்னால் மட்டும் சமம் என்றால் அந்தச் சமம் எத்தனை நாள் நிற்கும்?

முன்னேற வேண்டுமென்றால் சர்வாதிகாரம் நல்லது என்கிறார்களே, சிங்கப்பூரைப் பாருங்கள்?

சிங்கப்பூரை எல்லாரும் காட்டுவார்கள், சர்வாதிகாரி மொபுட்டு ஆண்ட ஜயரேயை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) யாரும் காட்ட மாட்டார்கள். வளர்ந்த சர்வாதிகாரங்களை விட நாசமான சர்வாதிகாரங்கள் அதிகம். 1959ல் அமெரிக்கச் சமூகவியலாளர் லிப்செட், வளமான நாட்டில் ஜனநாயகம் நிலைக்கும் என்றார். பிறகு ப்ஷெவோர்ஸ்கி கணக்குப் போட்டு, வளம் ஜனநாயகத்தைக் கொண்டுவருகிறது என்பதை விட, வந்த ஜனநாயகத்தைக் காப்பாற்றுகிறது என்று திருத்தினார். அந்தக் கணக்கில் இந்தியா ஏழையாக இருந்தும் பிழைத்த விதிவிலக்கு. அமர்த்தியா சென் சொன்னதும் மறக்கக் கூடாதது: சுதந்திரப் பத்திரிகையும் எதிர்க்கட்சியும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை. 1943 வங்கப் பஞ்சம் காலனி ஆட்சியில், 1959-61 சீனப் பஞ்சம் ஒரு கட்சி ஆட்சியில். அவரே இன்னொன்றும் சொல்வார், பஞ்சத்தைத் தடுத்த இந்தியா அன்றாடப் பசியைத் தடுக்கவில்லை.

ஜனநாயகம் எப்படிச் சாகிறது?

முன்பு டாங்கி வரும். இப்போது பெரும்பாலும் சட்டத் திருத்தம் வருகிறது. ஹங்கேரியில் 2010ல் விக்டர் ஓர்பானின் கூட்டணிக்கு ஏறத்தாழ 53 சதவீத ஓட்டு, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு இடம். அதை வைத்துப் புதிய அரசியலமைப்பு, புதிய தேர்தல் சட்டம். அடுத்த தேர்தலில் ஓட்டு 45 சதவீதத்துக்குக் குறைந்தது, மூன்றில் இரண்டு பங்கு இடம் அப்படியே வந்தது. 'தாராளவாதமற்ற அரசு' கட்டுகிறேன் என்று அவரே 2014ல் சொன்னார். தேர்தல் நடக்கும், எதிர்க்கட்சி இருக்கும், ஆடுகளம் மட்டும் சாய்ந்திருக்கும். லெவிட்ஸ்கி, வே என்ற இருவர் இதற்குப் போட்டிச் சர்வாதிகாரம் என்று பெயர் வைத்தார்கள்.

நம் நெருக்கடி நிலையும் சட்டப்படிதான் வந்தது, 1975 ஜூன் 25. தலைவர்கள் சிறையில், பத்திரிகைக்குத் தணிக்கை, தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31ல் ஆட்சிக் கலைப்பு. ஆனால் 1977ல் தேர்தல் வைத்தார்கள், பிரதமர் இந்திரா காந்தி தன் சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்றார், பதவியை விட்டு இறங்கினார். மூன்று வருடத்துக்குள் ஓட்டு வாங்கித் திரும்பியும் வந்தார்.

ஒரு நிறுவனம் இந்தியாவைக் குறைபாடுள்ள ஜனநாயகம் என்கிறது, இன்னொன்று சர்வாதிகாரம் என்கிறது. எது சரி?

நாடுகளின் ஜனநாயகத்துக்கு மதிப்பெண் போடும் அமைப்புகளில், 2021ல் சுவீடனின் வி-டெம் 'தேர்தல் வழிச் சர்வாதிகாரம்' என்றது, அமெரிக்காவின் ஃப்ரீடம் ஹவுஸ் 'ஓரளவு சுதந்திரம்' என்றது, எகனாமிஸ்ட் குழுமம் 'குறைபாடுள்ள ஜனநாயகம்' என்றது. இந்திய அரசு மறுத்தது. வேறுபாட்டுக்குக் காரணம் அளவுகோல். வி-டெம் வரிக்கு வரி டாலின் பட்டியலிலிருந்து கிளம்பியது, பேச்சுச் சுதந்திரமும் சங்க உரிமையும் அதில் கனமாக எடைபோடப்படும். ஷும்பீட்டரின் தராசில் நிறுத்தினால் இந்தியா சுலபமாகத் தேறிவிடும், ஆட்சிகள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. அதனால் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் வினாத்தாளைப் பாருங்கள். நிபுணர்களின் கணிப்பில் ஓடுகிற கணக்கு என்பதையும், அதற்காக அத்தனையையும் தூக்கி எறிய முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நோட்டா ஜெயித்தால் என்ன ஆகும்?

மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் ஒன்றும் ஆகாது. 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த வசதி அது. நோட்டா எத்தனை வாங்கினாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவரே ஜெயித்தவர்.

தோற்றவரைப் பற்றியே பேசுகிறீர்களே, நம்மூரில் ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

1967. ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்து, பிறகு அகில இந்திய காங்கிரஸ் தலைவராகி, இரண்டு பிரதமர்கள் பதவியேற வழிசெய்த காமராஜர், சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். ஆட்சி அமைதியாகக் கைமாறி அண்ணா பொறுப்பேற்றார். காமராஜர் 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்றார், ஜெயித்தார், மக்களவைக்குப் போனார்.